முதல் ரெய்டுக்கு எப்படித் தயாராவது?

"தனியாக விளையாடியே உச்ச லெவலை எட்டிவிட்டேன். ஒரு கில்டு வரும் வாரம் ரெய்டுக்கு அழைத்திருக்கிறது. என்ன தயார் செய்ய வேண்டும்? அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்? நான் தவறு செய்தால் திட்டுவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இணைய விளையாட்டுகளில் பலர் ஒன்றுசேர்ந்து 'பாஸ்' எனப்படும் பெரிய எதிரிகளை வீழ்த்தப் போவதுதான் ரெய்டு. அப்படிச் சேர்ந்து ஆடுபவர்களின் நிலையான குழுதான் கில்டு. பத்தாண்டுகளுக்கு மேலாக, கூட்டாளிகளின் உயிரைக் காக்கும் ஹீலராக ரெய்டு போகிறேன். அதில் சில ஆண்டுகள் குழுவை நடத்தியும் இருக்கிறேன். உங்கள் உண்மையான கவலை கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன். நல்ல குழு தவறுக்காகத் திட்டாது. முதல் நாளில் புதியவர் பத்து முறையாவது செத்துப் போவார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர்களும் அப்படிச் செத்துக் கற்றவர்கள்தான். அவர்கள் மனம் கசப்பது, முந்தைய நாளே முடித்திருக்க வேண்டிய வேலையை ஒருவர் மற்ற எல்லோரையும் காக்கவைத்துக்கொண்டு செய்யும்போதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது பேர் கொண்ட குழுவில் ஒருவர் ஐந்து நிமிடம் தாமதித்தால் போவது நூறு நிமிடம். ஒவ்வொருவரும் வேலை, படிப்பு, குழந்தை, தூக்கம் ஆகியவற்றுக்கு நடுவே வாரத்தில் ஒன்றிரண்டு இரவுகளை ஒதுக்கி வந்திருக்கிறார்கள். ரெய்டு நாகரிகம் என்று நான் சொல்லப்போவதெல்லாம் இந்த நூறு நிமிடத்தைச் சுற்றித்தான் இருக்கும்.

குழுவின் அளவைப் பொறுத்து உங்கள் மீது விழும் சுமையும் மாறும். 2004-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டு தொடங்கியபோது மோல்டன் கோர் ரெய்டுக்கு நாற்பது பேர் வரை போனார்கள். அந்தக் கூட்டத்தில் நான்கைந்து பேர் சும்மா நின்றாலும் வெளியே தெரியாது. 2007-இல் வந்த விரிவாக்கத்தோடு அது இருபத்தைந்து, பத்து என்று சுருங்கியது. 2014 முதல் அதன் மிகக் கடினமான மிதிக் நிலைக்குச் சரியாக இருபது பேர். கில்டு வார்ஸ் 2-இல் 2015-இல் வந்த ரெய்டுகளுக்குப் பத்துப் பேர். ஃபைனல் ஃபேன்டசி 14-இல் எட்டுப் பேர்: எதிரியின் அடியைத் தாங்கும் டேங்க் இரண்டு, ஹீலர் இரண்டு, எதிரியை அடிக்கும் தாக்குநர் நான்கு. டெஸ்டினியில் ஆறே பேர். எட்டுப் பேரில் நீங்கள் ஹீலர் என்றால் அந்தக் குழுவின் சிகிச்சையில் பாதி நீங்கள்தான். ஒளிய இடம் கிடையாது. ஆகவே உங்களை அழைத்தவர்கள் எத்தனை பேர் போகிறார்கள், எந்தக் கடின நிலையில் போகிறார்கள், உங்களுக்கு என்ன பொறுப்பு என்பதை இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: வழிகாட்டிக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வர வேண்டுமா, வேண்டாமா? பெரும்பாலான குழுக்கள் பார்த்துவிட்டு வரச் சொல்லும். ஆனால் எந்தக் குறிப்பும் இல்லாமல் தாங்களே கண்டுபிடித்து வெல்வதில் இன்பம் காணும் குழுக்களும் உண்டு. அங்கே போய், "இப்போது தரை பிளக்கும், இடப்பக்கம் ஓடுங்கள்" என்று முன்கூட்டியே சொன்னால் அவர்களின் மாலையையே கெடுத்துவிடுவீர்கள்.

பார்த்துவிட்டு வரச் சொன்னால், எப்படிப் பார்ப்பது என்பதுதான் விஷயம். புதியவர்கள் இருபது நிமிடக் காணொளியைத் தொடக்கம் முதல் இறுதி வரை பார்த்துவிட்டு, மறுநாள் எதுவும் நினைவில்லாமல் வருகிறார்கள். நான் செய்வது இது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பாஸுக்கும் மூன்று வரி மட்டும் எழுதுவேன். என்னை ஒரே அடியில் கொல்லக்கூடியது எது? எந்த நேரத்தில் நான் எங்கே நிற்க வேண்டும்? நான் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப்போவதில்லை என்கிற வேலை எது? மூன்றாவதுதான் முக்கியம். எதிரியின் மந்திரத்தை இடைமறிப்பது, கூட்டாளி மீது ஏறிய சாபத்தை நீக்குவது, குறிப்பிட்ட வட்டத்துக்குள் நின்று அடியைப் பகிர்ந்து வாங்கிக்கொள்வது போன்றவை அதில் வரும். டேங்க் பதிவுசெய்த காணொளியைத் தாக்குநர் பார்த்தால் பாதிதான் புரியும். உங்கள் பொறுப்பில் இருப்பவர் பதிவுசெய்ததைத் தேடிப் பாருங்கள். மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள். சண்டைக்கு நடுவே எட்டாவது வரியைத் தேடிப் படிக்க யாராலும் முடியாது.

இனி மூட்டை முடிச்சு. ஆயுதமும் கவசமும் பழுது பார்க்கப்பட்டிருக்க வேண்டும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஒவ்வொரு சாவுக்கும் அணிந்திருக்கும் கவசம் பத்து விழுக்காடு தேய்கிறது. பாதி தேய்ந்த நிலையில் வருபவர் ஐந்தாவது சாவுக்குப் பிறகு வெற்றுடம்போடு சண்டை போடுகிறார் என்றுதான் அர்த்தம். கற்களும் மந்திரப் பதிப்புகளும் கவசத்தில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். விலை அதிகமானதை வாங்க முடியாவிட்டால் மலிவானதையாவது ஏற்றுங்கள். காலியாக விட்ட இடம், "நான் உங்களுக்காக மெனக்கெடவில்லை" என்று ஆளைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும்.

குடுவை, மருந்து, உணவு ஆகியவற்றை எவ்வளவு கொண்டுபோவது? ரெய்டு மூன்று மணி நேரம் என்றால் அதைக் கொண்டு கணக்கிடுங்கள். ஃபைனல் ஃபேன்டசி 14-இல் ஒரு உணவின் பயன் முப்பது நிமிடம். மூன்று மணி நேரத்துக்கு ஆறு. சில விளையாட்டுகளில் நீங்கள் செத்தவுடன் உணவின் பயனும் போய்விடும், சிலவற்றில் அது நிற்கும். போய்விடும் என்றால் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒன்று வேண்டும். நான் எப்போதும் தேவைக்கு மேல் ஐந்தாறு கூடுதலாக எடுத்துச் செல்வேன். தீர்ந்துபோன இன்னொருவருக்குக் கேட்காமலே நீட்டலாம், குழுவும் காத்திருக்க வேண்டியதில்லை.

விளையாட்டுக்கு வெளியே இருக்கும் தயாரிப்பைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வாராந்திரப் பராமரிப்பு நாளில் புதிய பதிப்பு இறங்கும். அன்றைக்கே ரெய்டு என்றால் இரண்டு மணி நேரம் முன்பே விளையாட்டைத் திறந்து பாருங்கள். துணைக் கருவிகள் பயன்படுத்தினால் அவையும் புதிய பதிப்போடு ஒத்துப்போகின்றனவா என்று சோதியுங்கள். மைக் வேலை செய்கிறதா, உங்கள் குரல் எதிரொலிக்கிறதா என்று நண்பர் ஒருவரோடு பேசிப் பாருங்கள். பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒலி போகும்படி வையுங்கள். மின்விசிறிச் சத்தத்தை மூன்று மணி நேரம் கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். இடைவேளை எப்போது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு நுழைவாயிலில் நில்லுங்கள். எட்டு மணிக்கு ரெய்டு என்றால் எட்டு மணிக்கு முதல் அடி விழுகிறது. கணினியைத் திறக்கும் நேரம் அல்ல அது.

பயிற்சி பொம்மையின் முன் அரை மணி நேரம் நின்று உங்கள் திறன்களை வரிசையாக அழுத்திப் பழகுவதும் வீண் போகாது. விரல்கள் தாமாகவே வேலை செய்தால்தான் கண்கள் தரையைப் பார்க்கும். புதியவர்கள் சாவதில் பெரும்பகுதி, தங்கள் திறன் பொத்தான்களையே பார்த்துக்கொண்டு காலடியில் எரியும் நெருப்பைப் பார்க்காததால் நிகழ்வது.

இப்போது நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். தலைவர் "தயாரா?" என்ற பெட்டியை எல்லோர் திரையிலும் அனுப்புகிறார். நான் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எனக்கு மிகப் பெரிய பாடம் இந்தப் பெட்டியில்தான் கிடைத்தது.

இருபது பேர் குழு. ஒரே பாஸிடம் மூன்று வாரமாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். அது யார் மீதாவது ஒரு சாபத்தை ஏற்றும். குறித்த நொடிக்குள் ஹீலர் ஒருவர் நீக்காவிட்டால் வெடித்துச் சுற்றியிருப்பவர்கள் எல்லோரையும் கொல்லும். நான்கு ஹீலர்கள், நான்கு சாபங்கள், ஆளுக்கொன்று. தலைவர் வரிசையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பையில் மருந்துகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். குரல் காதில் விழுந்தது, சொல் விழவில்லை. பெட்டி வந்தது, "தயார்" என்று அழுத்திவிட்டேன். பாஸுக்கு ஆறு விழுக்காடு உயிர் மிச்சம் இருந்தபோது மூன்றாவது சாபம் ஏறியது. எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன், வேறு யாரோ நீக்குவார்கள் என்று. வெடித்தது. பதினாறு பெயர்கள் ஒரே நேரத்தில் சாம்பல் நிறமாயின.

"மூன்றாவது சாபம் என்ன ஆயிற்று?" என்று தலைவர் கேட்டார். அதட்டலே இல்லை, வெறும் கேள்விதான். என் விரல் பேசும் பொத்தான் மீது இருந்தது. நான் பேசவில்லை. நான்கைந்து நொடி கழித்து வேறொருவர், "தூரம் அதிகமாக இருந்திருக்கலாம், ஹீலருக்கு எட்டியிருக்காது" என்றார். தலைவர் அதை நம்பினார். நிற்கும் இடங்களை மாற்றினார். இருபது பேருக்கும் புதிய இடம், புதிய ஓட்டப் பாதை. அடுத்த மூன்று முயற்சிகளில் அதுவரை தவறே செய்யாத ஆட்களெல்லாம் குழம்பிச் செத்தார்கள். இல்லாத நோய்க்கு நாற்பது நிமிடம் மருந்து பார்த்தோம். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தேன்: "மூன்றாவது என்னுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. நான்தான் நீக்கவில்லை."

தலைவர் சொன்னது இவ்வளவுதான்: "சரி. மூன்றாவது உங்களுடையது. இனி பெயர் சொல்லி அழைக்கிறேன். எல்லோரும் பழைய இடத்துக்குப் போங்கள்." அன்றிரவு அந்தப் பாஸ் சாகவில்லை, நேரம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம்தான் வென்றோம். யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் அந்த நாற்பது நிமிடத்தை இருபதால் பெருக்கிப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே இரண்டு விஷயங்கள். ஒன்று, தயாராக இல்லை என்றால் "தயார் இல்லை" என்று அழுத்துங்கள். புரியவில்லை என்றால் கேளுங்கள். பத்து நொடியில் முடியும் கேள்வி அது. கேட்காமல் விட்டால் ஒரு முயற்சியே, அதாவது எட்டுப் பத்து நிமிடம், போகும். இரண்டு, உங்களால்தான் குழு வீழ்ந்தது என்றால் உடனே, சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். "நான்தான், தாமதமாக நகர்ந்தேன்" என்பது போதும். நீண்ட மன்னிப்பு வேண்டாம், நெட்வொர்க் மீது பழி வேண்டாம், "நான் எப்போதும் இப்படித்தான்" என்ற புலம்பலும் வேண்டாம். தலைவருக்குத் தேவை உங்கள் வருத்தம் அல்ல, தகவல். எது பிசகியது என்று தெரிந்தால் அவர் திட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் சரியாக இருந்ததையும் சேர்த்துக் கலைத்துவிடுவார்.

குழு முழுவதும் விழுவதை "வைப்" என்பார்கள். கடினமான பாஸிடம் வைப் ஆவது தோல்வி அல்ல, அன்றாடம். முன்னணிக் குழுக்களே புதிய பாஸிடம் நூற்றுக்கணக்கான முறை விழுந்துதான் எழுகின்றன. விழுந்த பிறகான இரண்டு நிமிடங்களைப் பார்த்தாலே குழுவின் தரம் தெரியும். நல்ல குழுவில் தலைவர் சொன்னவுடன் எல்லோரும் செத்த இடத்தில் கிடக்காமல் மீண்டும் உயிர்த்தெழுந்து திரும்பி ஓடி வருவார்கள், கேட்காமலே உணவு உண்பார்கள், பஃப் எனப்படும் வலுவூட்டல்களைப் போட்டுக்கொள்வார்கள், என்ன நடந்தது என்ற பேச்சு ஓடும்போதே அடுத்த முயற்சிக்குத் தயாராகிவிடுவார்கள். தளர்ந்த குழுவில் ஒருவர் தரையிலேயே கிடப்பார், ஒருவர் சொல்லாமல் எழுந்து போயிருப்பார், மூன்றாமவர் யார் தவறு என்று விசாரணை நடத்துவார். நீங்கள் முதல் வகையில் இருங்கள். திறமை வர மாதங்கள் ஆகும். சுறுசுறுப்பாகத் திரும்பி ஓடி வருவதற்குத் திறமையே வேண்டாம், முதல் நாளிலேயே செய்யலாம்.

தலைவர் "இந்த முயற்சி போதும், சாகலாம்" என்றால் உடனே செத்துவிடுங்கள். மூலையில் ஓடி ஒளிந்து ஒரு நிமிடம் கூடுதலாக உயிர் தப்புவதில் பெருமையில்லை. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை சண்டை முடியாது, மற்றவர்கள் திரும்பி வரவும் முடியாது. அதேபோல், அவர் சொல்லாதவரை நீங்களாக "முடிந்தது" என்று அறிவிக்காதீர்கள். ஆறு பேர் மிஞ்சியிருந்து வென்ற சண்டைகள் உண்டு. பதறாத காரியம் சிதறாது என்ற நம் பழமொழி இந்தக் கடைசி முப்பது நொடிக்கே சொன்னது போலப் பொருந்துகிறது.

குரல் வழிப் பேச்சைப் பற்றி. சண்டை தொடங்கிய பிறகு பேச வேண்டியவர்கள் தலைவரும், அவர் பேசச் சொன்னவர்களும்தான். நீங்கள் செத்துவிட்டதை எல்லோரும் திரையில் பார்க்கிறார்கள். ஏன், எப்படி என்று அப்போதே விளக்க வேண்டாம். டேங்க் சாகும் தறுவாயில் இருக்கிறார், உயிர்ப்பிக்கும் மந்திரம் யாரிடம் இருக்கிறது என்பதுபோல முடிவை மாற்றும் செய்தி என்றால் மட்டும் சொல்லுங்கள், அதுவும் பெயரும் செயலுமாக. "ஐயோ, அங்கே பாருங்கள், வருகிறது!" என்றால் பத்தொன்பது பேர் பத்தொன்பது பக்கம் திரும்புவார்கள். "வடக்கே இரண்டு எதிரிகள்" என்றால் வடக்கே பார்ப்பார்கள். முயற்சிகளுக்கு நடுவே பேசிச் சிரிப்பதெல்லாம் தாராளமாக நடக்கும். அந்தப் பேச்சுக்காகவே ரெய்டுக்கு வருகிறவர்கள் பலர், வெட்கப்படாமல் கலந்துகொள்ளுங்கள்.

குழு முழுவதற்கும் பொதுவான ஒரே வாய்ப்பை உங்கள் கையில் வைத்திருந்தால் ஆணை இல்லாமல் தொடாதீர்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் பிளட்லஸ்ட் என்றொரு மந்திரம் உண்டு. நாற்பது நொடிக்குக் குழு முழுவதும் முப்பது விழுக்காடு வேகமாகும், அதற்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு யாரும் அதை மறுபடி பெற முடியாது. அவசரப்பட்டு அழுத்தினால் அந்த முயற்சியின் திட்டமே குலைந்துவிடும். எண்ணிக்கை முடியும் முன் முதல் அடி அடிப்பதும் இதே வகைத் தவறு. டேங்க் எதிரியின் கவனத்தைத் தன் மீது ஈர்க்க இரண்டு மூன்று நொடி கொடுங்கள்.

உங்கள் மீது ஏதேனும் சாபம் ஏறினால் கூட்டத்திலிருந்து விலகி ஓட வேண்டுமா, கூட்டத்துக்குள் வர வேண்டுமா என்பதைப் பாஸ் வாரியாகத் தெரிந்து வைத்திருங்கள். 2005 செப்டம்பரில் நடந்தது இன்றும் பேசப்படுகிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் சுல்குருப் ரெய்டில் ஹக்கார் என்ற பாஸ் ஏற்றிய 'கெட்ட ரத்தம்' என்ற சாபம் பக்கத்தில் நிற்பவருக்குத் தொற்றும். அது ரெய்டுக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டியது. ஆனால் வீரர்கள் தங்கள் வளர்ப்பு விலங்கை உள்ளே மறையச் செய்து, நகரத்தில் மீண்டும் அழைத்தபோது அதன் மேல் ஒட்டியிருந்த நோயும் கூடவே வந்தது. நகரங்களில் சிறிய லெவல் வீரர்கள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தார்கள். தெருக்கள் எலும்புக் கூடுகளால் நிறைந்தன. 2007-இல் தொற்றுநோய் ஆய்வாளர்களே மருத்துவ இதழ்களில் இதை எடுத்துக்கொண்டு எழுதினார்கள். உங்கள் ரெய்டில் அவ்வளவு நேராது, ஆனால் சாபத்தோடு ஹீலர்கள் நடுவே போய் நின்றால் விளைவு அந்த நகரத்தின் சிறு வடிவமாகத்தான் இருக்கும்.

தாக்குநர் என்றால் ஒரு சபலம் வரும். யார் எவ்வளவு சேதம் விளைவித்தார் என்று பட்டியல் போடும் கருவிகள் உண்டு. அதில் மேலே ஏறும் ஆசையில் நெருப்பில் நின்றுகொண்டே அடிப்பார்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஆறு நிமிடச் சண்டையில் இரண்டாவது நிமிடம் செத்தால் மீதி நான்கு நிமிடம் உங்கள் பங்கு பூஜ்யம். ஹீலர் உங்களைக் காப்பாற்றச் செலவிட்ட சக்தி டேங்குக்குக் கிடைக்காமல் போனது தனி. பட்டியலை உங்களையே சோதித்துக்கொள்ளப் பயன்படுத்துங்கள். மற்றவர் எண்ணைச் சுட்டிக்காட்டி ஏளனம் செய்யாதீர்கள். ஃபைனல் ஃபேன்டசி 14-இல் வெளியார் கருவிகளுக்கு விதிப்படியே அனுமதியில்லை, ஆகவே அங்கே அந்த எண்களைப் பொது உரையாடலில் போடுவது உங்களையே சிக்கலில் மாட்டிவிடும்.

இனி பொருள் பங்கீடு, அதாவது லூட். நட்புகள் முறிந்த இடம் இது. 1999-இல் வந்த எவர்குவெஸ்டின் காலத்திலேயே இந்தச் சண்டை தொடங்கிவிட்டது. வருகைக்கும் உழைப்புக்கும் புள்ளி சேர்த்து, அந்தப் புள்ளியைச் செலவழித்துப் பொருள் வாங்கும் டிகேபி முறை அப்போது பிறந்ததுதான். பிறகு பகடை உருட்டுவது, மூத்தவர்கள் சிலர் கூடி முடிவெடுப்பது, முன்கூட்டியே ஒரு பொருளைக் குறித்து வைப்பது என்று முறைகள் பெருகின. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் தலைவரே பங்கிடும் முறையை 2018-இல் எடுத்துவிட்டு ஆளாளுக்குத் தனியாக விழும்படி செய்தார்கள். 2022 இறுதியில் குழுவாக உருட்டும் முறை ரெய்டுகளுக்குத் திரும்பியது. இவற்றில் எதுவும் எல்லோரையும் திருப்திப்படுத்தாது. நீங்கள் செய்ய வேண்டியது, முதல் பாஸ் விழும் முன்பே இந்தக் குழுவின் முறை என்ன என்று கேட்டுவிடுவது. பொருள் விழுந்த பிறகு கேட்டால் அது கேள்வியாக ஒலிக்காது, உரிமை கோரலாக ஒலிக்கும்.

எங்கள் குழுவில் ஒருமுறை எட்டு வாரமாக விழாத மோதிரம் ஒன்று விழுந்தது. மூன்று பேர் உருட்டினார்கள். அதிக எண் எடுத்தவர் கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, "எனக்கு இது சிறிய முன்னேற்றம்தான். அவர் இன்னும் போன பருவத்து மோதிரத்தைத்தான் போட்டிருக்கிறார். அவருக்கே போகட்டும்" என்றார். விட்டுக்கொடுத்தவர் எல்லா விதத்திலும் சாதாரண வீரர். பட்டியலில் நடுவில்தான் இருப்பார். ஆனால் அடுத்த பருவத்துக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது தலைவர் முதலில் எழுதிய பெயர் அவருடையது. உங்களிடம் அவ்வளவு பெருந்தன்மையை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். முதல் வாரத்தில் எதிர்பார்ப்பது குறைந்தபட்சம்தான்: உங்களுக்குப் பயன்படாததை உருட்டாதீர்கள், வென்றவரிடம் தனியாகப் போய் உடனே கெஞ்சாதீர்கள், உங்கள் பொருள் கிடைத்தவுடன் நழுவிவிடாதீர்கள். அந்த மூன்றாவதை யாரும் மறக்கவே மாட்டார்கள்.

வாராந்திரப் பூட்டையும் புரிந்துகொள்ளுங்கள். பல விளையாட்டுகளில் ஒரு பாஸின் பரிசு வாரத்துக்கு ஒருமுறைதான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் மிதிக் நிலையில் ஒரு குழுவோடு ஒரு பாஸைக் கொன்றால் அந்த வாரம் அந்தக் குழுவின் பயணத்தோடேயே பிணைக்கப்படுவது வழக்கமாக இருந்தது. ஆர்வத்தில் செவ்வாய்க்கிழமை வேறு யாரோடோ போய்விட்டு, வியாழக்கிழமை உங்கள் குழுவிடம் "என்னால் வர முடியாது" என்று சொல்லும் நிலை வந்துவிடும். சந்தேகம் இருந்தால் போகும் முன் கேளுங்கள்.

முன்பின் தெரியாதவர்களோடு சேரும் குழுக்கள் வேறு உலகம். அங்கே விளம்பர வரியை நிதானமாகப் படியுங்கள். ஃபைனல் ஃபேன்டசி 14-இன் குழு தேடும் பட்டியலில் பயிற்சியா, முடிப்பதா, பரிசுக்கா என்று நோக்கத்தையே குறித்திருப்பார்கள். "மூன்றாம் கட்டம் வரை பார்த்தவர்கள் மட்டும்" என்று எழுதியிருக்கும் குழுவில், முதல் கட்டத்தையே தாண்டாதவர் பொய் சொல்லிச் சேர்வது என் கணக்கில் ரெய்டு உலகின் மிக மோசமான பழக்கம். ஏழு பேர் தாங்கள் கற்றுவிட்ட பகுதியிலேயே ஒரு மணி நேரம் மாட்டிக்கொள்வார்கள், ஏன் என்று அவர்களுக்குத் தெரியவும் செய்யாது. உண்மை நிலையைச் சொல்லிக் கற்பிக்கும் குழுவைத் தேடினால் கட்டாயம் கிடைக்கும். டெஸ்டினியில் புதியவர்களை அழைத்துப்போய்ப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவர்களை ஷெர்பா என்று அன்போடு அழைக்கிறார்கள். ஒன்றும் வாங்கிக்கொள்ளாமல் மணிக்கணக்கில் நேரம் கொடுக்கிறவர்கள் அவர்களில் பலர். கிளம்ப வேண்டும் என்றால் "இன்னும் இரண்டு முயற்சி, பிறகு கிளம்ப வேண்டும்" என்று முன்னதாகச் சொல்லுங்கள். விழுந்த கையோடு சொல்லாமல் மறைந்துபோவது மீதிப் பேர் முகத்தில் கதவைச் சாத்துவது.

வர முடியாத வாரத்தில் எவ்வளவு முன்னதாகத் தெரியுமோ அவ்வளவு முன்னதாகச் சொல்லுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. உங்களை ஒரு பாஸுக்கு வெளியே உட்காரவைத்தால் முகம் வாடாமல் இருங்கள். இருபத்துமூன்று பேர் இருக்கும் கில்டில் இருபது இடம்தான் என்றால் யாராவது உட்காரத்தான் வேண்டும். தலைவரின் திட்டத்தில் பிழை தெரிந்தால் முயற்சிக்கு நடுவே எல்லோர் முன்னும் சொல்லாமல் தனிச் செய்தியில் எழுதுங்கள்.

திட்டும் குழுவில் மாட்டிக்கொண்டால்? கண்டிப்பு வேறு, வசை வேறு. "இரண்டு முறை அதே இடத்தில் செத்திருக்கிறீர்கள், என்ன பிரச்சினை?" என்பது கண்டிப்பு, பதில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். ஆளையே இழிவாகப் பேசினால் அந்த இரவை நாகரிகமாக முடித்துவிட்டு வெளியேறுங்கள். கத்தியதால் ஒரு குழு வேகமாக வென்றதை இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை. பயந்துபோன ஹீலர் தன் பொத்தானைத் தாமதமாகத்தான் அழுத்துவார்.

ரெய்டு முடிந்த இரவு, எல்லோரும் விடைபெற்ற பிறகு, பத்து நிமிடம் மட்டும் கூடுதலாக இருங்கள். அந்த மூன்று வரித் தாளை எடுத்து, நீங்கள் செத்த இடங்களை அதில் குறியுங்கள். பெரும்பாலும் ஒரே காரணம் இரண்டு மூன்று முறை வந்திருக்கும். உங்கள் பாத்திர வகையையே ஆடும் மூத்தவர் ஒருவரிடம், "அந்த இரண்டாம் கட்டத்தில் நீங்கள் எப்படி உயிரோடு இருக்கிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இப்படிக் கேட்டு எரிச்சல்பட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை. உட்கார்ந்து அரை மணி நேரம் சொல்லித் தருவார்கள். பிறகு கவசத்தைப் பழுது பார்த்து, தீர்ந்த மருந்துகளை வாங்கி நிரப்பி, அடுத்த வார வருகைப் பட்டியலில் உங்கள் பெயரைக் குறித்துவிட்டுத் தூங்கப் போங்கள்.